குறுங்குழல் ரவைத் துப்பாக்கி

தொடக்கக்கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகள், அமெரிக்கச் செய்தி ஒன்றில் வந்த 'ஷார்ட் பேரல் ஷாட்கன்' என்பதைக் 'கைத்துப்பாக்கி' என்று மொழிபெயர்த்திருந்தாள். அது பிழை; 'குறுங்குழல் ரவைத் துப்பாக்கி' என்பதே பொருந்தும். கைத்துப்பாக்கி ஒரு கைக்குள் அடங்குவது. இதுவோ குழல் குட்டையானாலும் இரு கைகளாலும் பிடிக்க வேண்டியது.

முதலில் 'துப்பாக்கி'. குண்டைத் துப்புவதால் இப்பெயர் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் இது துருக்கியரின் 'துஃபெக்', பாரசீகரின் 'துஃபங்க்' ஆகியவற்றோடு உறவுடைய சொல். 12ஆம் குறளிலும் 'துப்பாக்கி' உண்டு. அங்கே துப்பு என்றால் உணவு, மழை உணவை ஆக்கித் தருகிறது என்பது பொருள். எழுத்து ஒன்று, பிறப்பு வேறு.

'ஷாட்' ஆங்கிலத்தில் சுடுதலைக் குறித்து, பிறகு ஒரே தோட்டாவிலிருந்து ஒருசேரச் சுடப்படும் சிறு ஈயமணிகளுக்கும் ஆகிவந்தது. அம்மணிகளுக்கு நம்மிடம் 'ரவை' இருக்கிறது. உப்புமா ரவைதான்; சிறு துகள் என்பதே அடிப்படைப் பொருள். ஈழத்தமிழர் வழக்கில் ரவை, சன்னம் (துப்பாக்கிக் குண்டு) இரண்டும் இன்றும் உயிரோடு உள்ளன, ஆனால் அங்கே ரவை எந்தத் தோட்டாவையும் குறிக்கக்கூடும். 'பேரல்' என்பதற்குக் 'குழல்' என்பதில் ஐயமே வேண்டாம். இரட்டைக்குழல் துப்பாக்கி எல்லாரும் அறிந்தது.

சிலர் 'சிதறுதுப்பாக்கி' என்கிறார்கள். அழகான ஆக்கம், ஆனால் எனக்கு உடன்பாடில்லை. குறுங்குழலைத் தற்காப்புக்கு விரும்புவோர், நடைவழியிலும் கதவருகிலும் எளிதாகத் திருப்பலாம் என்பார்கள். அது சரிதான். ரவைகள் சிதறுவதால் குறிபார்க்காமல் சுட்டாலும் படும் என்று அவர்கள் நம்புவதுதான் தவறு. நம் சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டு வரவேற்பறை அளவு தொலைவில் ரவைகள் விரித்த கையின் அகலத்தைத் தாண்டிப் பரவுவது அரிது. தப்பிய ரவை மெல்லிய பலகைச் சுவரைத் துளைத்து அடுத்த அறைக்குப் போகும். குழல் குறையக் குறைய ஓசையும் தீப்பிழம்பும் கூடும். 'சிதறு' என்ற அடைமொழி அந்தத் தவறான நம்பிக்கைக்கே துணைபோகிறது.

எவ்வளவு குட்டை 'குறு' ஆகும்? அமெரிக்காவின் 1934ஆம் ஆண்டுச் சட்டப்படி, குழல் 18 அங்குலத்துக்குக் குறைந்தால் கூட்டரசிடம் பதிய வேண்டும். சிங்கப்பூரில் இந்த அளவுக் கணக்குக்கே இடமில்லை. 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டத்தின்கீழ், அனுமதியின்றி எந்தத் துப்பாக்கியை வைத்திருந்தாலும் 5 முதல் 10 ஆண்டுச் சிறை, குறைந்தது 6 பிரம்படி. ஆகவே இச்சொல் நமக்குச் செய்தி எழுதவும் படிக்கவும் மட்டுமே தேவை. அதனால்தான் அது துல்லியமாக இருக்க வேண்டும் என்கிறேன்.

எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். குறுமை, குழலோடு சேர்ந்து 'குறுங்குழல்' ஆகும். ரவையைச் சுடும் துப்பாக்கி என்று விரிவதால் 'ரவைத் துப்பாக்கி' என்பதில் த் மிகும்.