அப்பத்தாவின் நாற்காலியை முற்றத்துப் பக்கம் போடுங்கள்

ஐப்பசியில் அடைமழை பிடித்துவிட்டால் செட்டிநாட்டு வீடுகளில் கதவு, சன்னல் எல்லாவற்றையும் சாத்திவிடுவோம், அப்புறம் வாடைக்காற்று, மார்கழிப் பனி என்று தை பிறக்கும் வரை "ஈரத்துல நடமாட வேணாம், உள்ளயே இருங்க" என்று பெரியவர்களை அறைக்குள் உட்கார வைப்போம். சில நாளில் அப்பத்தா பகலெல்லாம் தூங்கி வழிவார், ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்திருப்பார், யார் பேசினாலும் எரிச்சல். வயசாகிவிட்டது, அப்படித்தான் என்கிறோம். அந்த அறையின் இருட்டுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு.

விழித்திரையில், பார்ப்பதற்கென்றே உள்ள செல்கள் போக, மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட இன்னொரு வகை செல்கள் இருக்கின்றன. வெளிச்சம் எவ்வளவு வருகிறது, அதிலும் பகல் வெளிச்சத்தில் நிறைய இருக்கும் நீல ஒளி எவ்வளவு என்று மூளையின் அடிப்பகுதியிலுள்ள உடல் கடிகாரத்துக்குச் சொல்வது இவற்றின் முக்கிய வேலை. அந்தக் கடிகாரத்தின் ஒரு நாள் பெரும்பாலோருக்கு 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் நீளம், அதனால் காலை வெளிச்சம் தினமும் அதைத் திருத்தி வைக்க வேண்டும். திருத்தம் நடக்காவிட்டால் ராத்திரி தூக்கத்துக்கு உடலைத் தயார்செய்யும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரக்கும் நேரம் குழம்பும், தூக்கம் கெடும், பின்னாலேயே மனசும் சோர்ந்துபோகும்.

வயதானவர்களுக்கு இது இன்னும் சிக்கல். கண் லென்ஸ் மஞ்சளாகி நீல ஒளியைத் தடுக்கும், கண்மணியும் சுருங்கிவிடும். இருபது வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அறுபதில் போகிறது. டியூப்லைட் போட்ட அறையில் சுமார் 100 முதல் 300 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) கிடைக்கும், மேகம் மூடிய பகலில்கூட வெளியே பல ஆயிரம் லக்ஸ். கண் தன்னைச் சரிசெய்துகொள்வதால் இந்த வித்தியாசம் நமக்கு உறைப்பதில்லை.

குளிர்கால மனச்சோர்வை 1984-இல் மனநல மருத்துவர் நார்மன் ரோசன்தாலும் அவர் குழுவினரும் விவரித்தார்கள். பகல் மிகவும் குறுகிப்போகும் வடக்கு நாடுகளில் இதற்கென்றே 10,000 லக்ஸ் விளக்கின் முன் காலையில் அரைமணி நேரம் உட்கார வைக்கிறார்கள். காரைக்குடிப் பக்கம் மார்கழியிலும் பகல் பதினொன்றரை மணி நேரம் இருக்கிறது. விளக்கு வாங்க வேண்டியதில்லை, வளவில், அதாவது வீட்டின் உள்கட்டில், முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில், சாரல் படாத இடமாகப் பார்த்து, காலைப் பலகாரத்தையும் பேப்பரையும் அங்கேயே கொடுத்தால் போதும். சூரியனை நேராகப் பார்க்க வேண்டாம், முகம் வெளிச்சத்தின் பக்கம் இருந்தால் சரி. முற்றத்துக்கு மேல் கூரை போடுகிறவர்கள் தயவுசெய்து தகரம் போடாதீர்கள், வெளிச்சம் இறங்கும் ஷீட்டாகப் போடுங்கள். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் ஈரத்தில் வழுக்கும், நடக்கும் பாதையை மட்டும் உலர்வாக வைத்திருங்கள்.

வெளிச்சத்தில் சும்மா உட்கார்ந்திருந்தால் மறுபடி கண் சொக்கும். பல்லாங்குழியை எடுத்துக் கொடுங்கள். எந்தக் குழியில் எடுத்தால் கடைசி முத்து எங்கே விழும், எதிராளிக்கு எங்கே பசு (ஒரு குழியில் நாலு முத்து) சேரப்போகிறது என்று கணக்கை மனசில் பிடித்துக்கொண்டே அடுத்ததை யோசிக்க வேண்டும், வயதில் முதலில் தளரும் திறன்களில் ஒன்று இது. கூடவே விரலுக்கு வேலை, எதிரே ஒரு ஆள், தோற்றால் சண்டை. டிவி இதில் எதையும் கேட்பதில்லை. கொட்டான் என்ற ஓலைக்கூடை முடையத் தெரிந்த ஆச்சிகளிடம் ஓலையைக் கொடுத்தால் பேத்தியையும் பக்கத்தில் உட்கார வையுங்கள், சொல்லிக்கொடுக்கும்போது அவர்கள் குரலே மாறிவிடும்.

நகரத்தார் வீடுகளில் திருக்கார்த்திகையிலிருந்து 21-ஆம் நாள் பிள்ளையார் நோன்பு வருகிறது. திரிக்கு நூல் எடுப்பதிலிருந்து அந்தத் திரியை வைத்து ஏற்றும் இழை மாவு பிடிப்பது வரை பெரியவர்கள் பொறுப்பில் விடுங்கள். சிரமம் என்று நாமே செய்துவிடுவது பாசம்தான், ஆனால் எதிர்பார்த்து எண்ணுவதற்கு ஒரு நாளும் தன்னை நம்பி ஒரு வேலையும் இருப்பது அவர்களுக்குப் பெரிய பலம்.

வயதில் தாக உணர்வு மங்கும், குளிரில் இன்னும் மங்கும். தண்ணீர் குறைந்தாலே குழப்பமும் அசதியும் வரலாம், அதனால் கேட்காமலே வெந்நீர் கொடுங்கள்.

இதெல்லாம் செய்தும் இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாடு இறங்காமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும். பெரியவர்களுக்கு மனச்சோர்வு பல நேரம் "மேலெல்லாம் வலிக்குது" என்றுதான் வெளியே வரும், தைராய்டு குறைவும் பி12 குறைவும்கூட இதே மாதிரி தெரியும். ரத்தப் பரிசோதனையில் அவை தெரிந்துவிடும், அப்படியே கண்புரையும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.