ஆறாவது வாரத்து அழுகையும் டாக்டர் பிரேசெல்டனும்

"ராத்திரி பூரா அழறான், எனக்குப் பால் பத்தலை டாக்டர்." குழந்தை மருத்துவர் எவரைக் கேட்டாலும் இந்தப் பேச்சை அடிக்கடி கேட்பதாகத்தான் சொல்வார். சொல்வது பெரும்பாலும் பிள்ளை பெற்று ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆன பெண். கூட வந்திருக்கும் அம்மாவோ மாமியாரோ பையிலிருந்து பால் பவுடர் டப்பாவை எடுத்துக் காட்டி, "நாலு நாளா இதைத்தான் கலக்கிக் குடுக்கிறோம்" என்பார். குழந்தையை எடை போட்டால் நன்றாகவே ஏறியிருக்கும். அதற்குப் பால் குறையவே இல்லை. அழுகை கூடுகிற வயதில் இருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த வயதுக் கணக்கை எனக்குப் புரியவைத்தது டாக்டர் டி. பெர்ரி பிரேசெல்டனின் ஆய்வு. 1918 மே 10 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வேக்கோ என்ற ஊரில் பிறந்தவர். பாஸ்டனை ஒட்டிய கேம்பிரிட்ஜில் பல பத்தாண்டுகள் குழந்தை மருத்துவராக இருந்தார். நூறு வயதுக்கு இரண்டே மாதம் இருந்தபோது, 2018 மார்ச் 13 அன்று காலமானார். என் வேலையில் அவரைத் தினமும் நினைக்க வேண்டியிருக்கிறது. குழந்தையைப் பார்ப்பது என்றால் அதன் குடும்பத்தையும் சேர்த்துப் பார்ப்பதுதான் என்று வாழ்ந்து காட்டியவர் அவர்.

1962-இல் அவர் ஒரு எளிய வேலை செய்தார். தன்னிடம் வந்த ஆரோக்கியமான 80 குழந்தைகளின் தாய்மார்களிடம், குழந்தை தினமும் எப்போது, எவ்வளவு நேரம் அழுகிறது என்று எழுதிவைக்கச் சொன்னார். இரண்டாவது வாரத்தில் அழுகை ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம். ஆறாவது வாரத்தில் இரண்டே முக்கால் மணி நேரம். அதன் பிறகு இறங்க ஆரம்பித்து, மூன்று மாதம் முடியும்போது ஒரு மணி நேரத்துக்கும் கீழே வந்துவிட்டது. அழுகை அதிகமாக இருந்தது சாயங்கால நேரத்தில். இந்தக் குழந்தைகளுக்கு எந்த நோயும் இல்லை. அம்மா எழுதித் தரும் குறிப்பை நம்பி ஒரு மருத்துவர் ஆய்வு செய்தார் என்பதே எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

நம் ஊரில் இந்த ஆறாவது வாரத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஐந்து நோய்களைத் தடுக்கும் பெண்டாவேலன்ட் தடுப்பூசியை முதல் தடவை போடுவது அப்போதுதான். ஊசி போட்ட பிறகு ஓரிரு நாள் காய்ச்சலும் சிணுங்கலும் இருப்பது வழக்கம். ஆனால் அந்த வாரம் முழுக்கக் குழந்தை அழுதால், "ஊசி போட்டதிலிருந்துதான் இப்படி" என்று பேச்சு கிளம்பிவிடுகிறது. அடுத்த ஊசிக்கு வராமல் போகிறவர்களும் உண்டு. ஊசி போடுவதற்கு முன்பே, "இந்த வாரம்தான் அழுகை உச்சத்தில் இருக்கும்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

பால் டப்பாவின் கதையும் இதே மாதிரிதான். ஆறாவது வாரத்தில் டப்பாப் பால் ஆரம்பிக்கிறார்கள். குழந்தை மார்பில் சப்பச் சப்பத்தான் பால் ஊறும். டப்பா வந்தால் சப்புவது குறையும், சப்புவது குறைந்தால் பாலும் குறையும். இதற்கிடையில் மூன்றாவது மாதம் வந்து அழுகை தானாகவே அடங்கியிருக்கும். நல்ல பெயர் டப்பாவுக்குப் போய்விடும், "உனக்குப் பால் இல்லை" என்ற கெட்ட பெயர் அம்மாவிடம் தங்கிவிடும். அடுத்த பிரசவத்தில் அவள் முதல் வாரத்திலேயே டப்பா வாங்கச் சொல்வாள்.

பால் போதுகிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். முதல் வாரம் கழிந்த பிறகு ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போக வேண்டும். பிறந்தபோது இருந்த எடை இரண்டு வாரத்துக்குள் திரும்ப வந்துவிட வேண்டும். அதிலிருந்து மூன்று மாதம்வரை நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம்வரை ஏறினால் பால் போதுகிறது. சரி, அழுகிற குழந்தையை எப்போது உடனே தூக்கிக்கொண்டு வர வேண்டும்? காய்ச்சல் 100.4 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தால், பச்சையாக வாந்தி எடுத்தால், மலத்தில் ரத்தம் தெரிந்தால், பால் குடிக்க மறுத்தால், எழுப்பினாலும் துவண்டு கிடந்தால் அரை நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. மற்ற நேரத்தில் தோளில் போட்டுக்கொண்டு நடங்கள், மார்பில் விடுங்கள், வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டு அம்மா கொஞ்ச நேரம் படுக்கட்டும். கிரைப் வாட்டர், உரை மருந்து, தேன் எதுவும் வேண்டாம். எவ்வளவு எரிச்சல் வந்தாலும் குழந்தையைப் பிடித்துக் குலுக்கவே கூடாது.

பிரேசெல்டன் படித்து வந்த காலத்தில் பிறந்த குழந்தைக்குக் கண் தெரியாது, காது கேட்காது என்று நம்பிய மருத்துவர்கள் நிறைய. குழந்தைக்கு மன வளர்ச்சியில் ஏதாவது கோளாறு என்றால் பழி நேராக அம்மா மேல் விழும். குழந்தை மனநல மருத்துவமும் பயின்ற அவர், குழந்தைகள் பிறக்கும்போதே ஆளுக்கு ஒரு சுபாவத்தோடு வருகிறார்கள் என்றார். 1973-இல் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து பச்சிளம் குழந்தைக்கென ஒரு பரிசோதனை முறையை வெளியிட்டார். தூங்கும் குழந்தையின் மூடிய கண் மேல் டார்ச் அடிப்பார்கள். முதலில் திடுக்கிடும். திரும்பத் திரும்ப அடித்தால் கண்டுகொள்ளாமல் தூங்கப் பழகிக்கொள்ளும். விழித்திருக்கும்போது சிவப்புப் பந்தைக் காட்டினால் கண் அதன் பின்னாலேயே போகும். இதையெல்லாம் அவர் பெற்றோரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தார்.

டிஸ்சார்ஜ் நாளில் இதில் ஒரு பகுதியை நானும் செய்து காட்டுவது வழக்கம். அப்பா பொதுவாக பில்லையும் பையையும் பிடித்துக்கொண்டு கதவோரம் நிற்பார். குழந்தையின் தலையை ஒரு உள்ளங்கையிலும் இடுப்பை இன்னொன்றிலும் தாங்கி, முகம் மேலே பார்க்கப் பிடித்துக்கொள்வேன். ஒரு பக்கம் நான் பேச, இன்னொரு பக்கம் அப்பாவைக் கூப்பிடச் சொல்வேன். "இன்னும் பேர் வைக்கலையே, என்ன சொல்லிக் கூப்பிட?" என்று ஒருவர் கேட்டார். "பாப்பான்னு கூப்பிடுங்க" என்றேன். இரண்டு தடவை கூப்பிட்டார். குழந்தையின் நெற்றி சுருங்கியது, கண் ஓரத்துக்குப் போனது, அப்புறம் தலை மெல்ல அவர் பக்கம் திரும்பியது. பையைக் கீழே வைத்துவிட்டு, "எப்படித் தூக்கணும்னு காட்டுங்க சார்" என்று கையை நீட்டினார். அம்மாவின் குரலைக் குழந்தை வயிற்றிலிருந்தே கேட்டிருக்கிறது. அப்பாவுக்குத்தான் இந்த அறிமுகம் அதிகம் தேவைப்படுகிறது. அப்பாவின் குரலுக்குத் திரும்பாத குழந்தைகளின் தலையைத் தானே லேசாகத் திருப்பிவிடுவதாகப் பிரேசெல்டன் சொல்லியிருக்கிறார். அது ஏமாற்று என்று எனக்குத் தோன்றவில்லை.

அவர் சொன்ன எல்லாவற்றையும் நான் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. கழிப்பறைப் பழக்கத்தை அவசரப்படுத்தாதீர்கள், குழந்தை தானே தயாராகட்டும் என்று 1962-லேயே எழுதினார். அடித்து மிரட்டிப் பழக்கிய காலத்தில் அது மிகவும் தேவைப்பட்ட பேச்சு. ஆனால் பின்னாளில் பெரிய குழந்தைகளுக்கான டயபர் விளம்பரத்தில் அவர் வந்தது விமர்சனத்துக்கு ஆளானது. அந்த விமர்சனம் நியாயம் என்றே நினைக்கிறேன். நம் பாட்டிமார் காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் வைத்து "உஸ்ஸ்" என்று பழக்குவதில் மிரட்டல் எதுவும் இல்லை. அதை விட்டுவிட்டு நாள் முழுக்க டயபர் போடச் சொல்ல எனக்கு மனம் வராது.

அவர் வேலை ஆஸ்பத்திரியோடு நிற்கவில்லை. குழந்தை பிறந்த வீட்டில் பெற்றோர் இருக்க வேண்டும், அதற்கு லீவு வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றக் குழுக்களின் முன் சாட்சி சொன்னார். 1993-இல் அங்கே வந்த குடும்ப விடுப்புச் சட்டம் 12 வாரம் கொடுத்தது, அதுவும் சம்பளம் இல்லாமல். இந்தியாவில் 2017-இல் திருத்திய சட்டப்படி முதல் இரண்டு பிரசவங்களுக்குச் சம்பளத்தோடு 26 வாரம். காகிதத்தில் நாம் மேல்தான். ஆனால் பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் கடையில் இருப்பவருக்கும், வீட்டு வேலை செய்பவருக்கும், சித்தாளுக்கும் இது எட்டுவதில்லை. தமிழ்நாட்டில் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் உதவி ஏழைத் தாய்மாருக்குக் கிடைக்கிறது; அது லீவுக்கு ஈடாகாது. தனியாரில் வேலை பார்க்கும் அப்பாவுக்குச் சட்டப்படி ஒரு நாள்கூடக் கிடையாது.

அதனால் அப்பாக்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். ஆறாவது வாரத் தடுப்பூசி நாளில் மட்டுமாவது அரை நாள் லீவு போட்டுக்கொண்டு கூட வாருங்கள். எடை எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை நீங்களும் பாருங்கள். அன்று சாயங்காலம் குழந்தை வீரிட்டு அழும்போது, பால் பத்தவில்லை என்று வீட்டில் யாராவது ஆரம்பித்தால், அந்த எடையைச் சொல்ல நீங்கள் இருக்க வேண்டும்.