இலை முந்தும், வேர் பிந்தும்: அத்திக் குச்சிக்குள் நடப்பது என்ன?

அத்திக் குச்சியை முதன்முதலாக நட்டவர்கள் தினமும் போய்ப் பார்ப்பது மேலே இருக்கும் மொட்டைத்தான். அது பருத்து, பச்சை காட்டி, ஒரு குட்டி இலையை விரித்துவிட்டால் ‘பிடித்துவிட்டது’ என்று சந்தோஷப்படுவோம். பெரும்பாலும் அந்தச் சமயத்தில் அடியில் ஒரு வேர்கூட இருக்காது. இன்னும் சில நாளில் இலை துவண்டு தொங்கும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் கொஞ்சம் ஊற்றினால், அடி அழுகிக் கதை முடிந்துவிடும். வீட்டில் அத்தி வளர்க்க ஆசைப்படுகிறவர்களில் பலரும் மனம் விட்டுப்போவது இந்த இடத்தில்தான். அதனால் இலை ஏன் முதலில் வருகிறது, வேர் ஏன் தாமதிக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. மற்ற வேலைகள் எல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன.

நான் சொல்வது ஃபைகஸ் காரிகா எனப்படும் சீமை அத்தி. உலர்பழமாகக் கடைகளில் கிடைப்பது இதன் பழம்தான். இலையுதிர் மரம். இலையை உதிர்க்கும் முன், இலை தயாரித்த சர்க்கரையில் ஒரு பங்கைக் கட்டையிலும் பட்டையிலும் ஸ்டார்ச்சாக, அதாவது மாவுச்சத்தாக, சேர்த்து வைக்கும். மரம் ஓய்ந்திருக்கும் அந்தச் சமயத்தில், சென்ற பருவத்தில் வளர்ந்து முற்றிய கொப்பிலிருந்து பென்சில் தடிமனில், 15–20 செ.மீ. நீளத்தில், மூன்று நான்கு கணு இருக்கும்படி வெட்டுவதுதான் வழக்கம். அப்படி வெட்டிய குச்சியிடம் இருப்பது இரண்டே இரண்டு: கட்டையில் இருக்கும் ஸ்டார்ச், உள்ளே இருக்கும் ஈரம். இந்தக் கையிருப்பு தீர்வதற்குள் அது புதிதாக வேரைச் செய்துகொள்ள வேண்டும்.

இலைக்கு இந்தச் சிரமம் கிடையாது. மொட்டுக்குள் இலை ஏற்கெனவே மிகச் சிறிய வடிவில் தயாராக மடிந்து கிடக்கிறது. கொஞ்சம் வெதுவெதுப்பும் ஈரமும் கிடைத்ததும் ஸ்டார்ச் சர்க்கரையாக உடைகிறது, மொட்டின் செல்கள் நீரை வாங்கி உப்புகின்றன, இலை விரிகிறது. வேர் அப்படியில்லை. அடியில் வேர் என்ற உறுப்பையே புதிதாகப் படைக்க வேண்டும். அதனால் முந்தி வரும் இலை எதையும் நிரூபிப்பதில்லை. வெட்டிப் பூ ஜாடியில் வைத்த கிளையும் துளிர்க்கத்தான் செய்கிறது.

சரி, வேர் எப்படித்தான் பிறக்கிறது?

குச்சியின் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே கேம்பியம் என்ற மெல்லிய அடுக்கு இருக்கிறது. நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டினால் தெரியும் பச்சைக்குச் சற்று உள்ளே, வழுவழுப்பாக இருக்கும் படலம் அது. தண்டைப் பருக்கச் செய்யும் செல்கள் இவை. வெட்டுப்பட்டதும் கேம்பியத்திலும் அதை ஒட்டியும் இருக்கும் சில செல்கள் தங்கள் பழைய வேலையை விட்டுவிட்டு, மறுபடியும் பிரியத் தொடங்கிச் சிறு கூட்டங்களாகச் சேர்கின்றன. அந்தக் கூட்டம் ஒரு வேர்முனையாக ஒழுங்குபட்டு, பட்டையைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது. வேர் பிறக்க வேண்டாத இடத்தில் பிறப்பதால் இதற்கு வேற்றிட வேர் என்று பெயர்.

இந்தக் கட்டளையைக் கொடுப்பது ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன். மொட்டிலும் இளம் இலையிலும் உருவாகும் ஆக்சின், தண்டு வழியாக நுனியிலிருந்து அடியை நோக்கி மட்டுமே நகர்கிறது. ஒவ்வொரு செல்லும் மேலிருந்து வாங்கிக் கீழே தள்ளிவிடும். அதற்கான புரதங்கள் செல்லின் அடிப்பக்கத்தில்தான் கூடுதலாக அமைந்திருக்கின்றன. வேகம் மணிக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர். மரத்தில் இருக்கும்போது அது தொடர்ந்து கீழே போய்க்கொண்டே இருந்திருக்கும். வெட்டிய குச்சியில் போக இடமில்லை. வெட்டு வாயில் வந்து தேங்குகிறது. அப்படித் தேங்கிய ஆக்சின்தான் ‘இங்கே வேர் போடு’ என்று அந்தச் செல்களுக்குச் சொல்கிறது.

ஹெர்மன் வோஷ்டிங் என்ற ஜெர்மன் தாவரவியலாளர், ஆக்சின் என்ற ஒன்று இருப்பதே தெரியாத காலத்தில், இதன் விளைவைக் கண்ணால் பார்த்திருக்கிறார். வில்லோ மரக் குச்சிகளை ஈரக்காற்றில் நேராகவும் தலைகீழாகவும் தொங்கவிட்டுப் பார்த்து 1878இல் எழுதினார். தலைகீழாகத் தொங்கிய குச்சியிலும், மரத்தில் எது அடியாக இருந்ததோ அந்த முனையில்தான் வேர் முக்கியமாக வந்தது. குச்சிக்குத் தன் மேல் எது, கீழ் எது என்பது மறப்பதில்லை. வெட்டும்போதே அடியை நேராகவும் நுனியைச் சாய்வாகவும் வெட்டச் சொல்வது இதற்காகத்தான். இலையில்லாத குச்சியை ஓரமாக வைத்துவிட்டு நாளைக்கு எடுத்தால் எந்தப் பக்கம் எது என்று குழம்பிவிடும். அடி வெட்டு கணுவுக்குச் சற்றுக் கீழே இருப்பது நல்லது. அத்தியில் கணுவைச் சுற்றித்தான் வேர் அதிகமாகக் கிளம்புகிறது.

வெட்டியவுடன் ஒரு விஷயத்தைக் கவனிக்காமல் இருக்க முடியாது. வெட்டு வாயில் வெள்ளைப் பால் முத்து முத்தாகத் திரண்டு வழியும். அதில் புரதத்தை உடைக்கும் ஃபிசின் என்ற நொதி இருக்கிறது. சோரலென் வகைப் பொருள்களும் இருக்கின்றன. பால் பட்ட தோலில் வெயிலும் பட்டால் சிவந்து கொப்புளம் போடலாம், தழும்பு பல நாள் நிற்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பால் பட்ட கையோடு வெயிலில் நிற்காதீர்கள்.

இனி வேர் வரும்வரை குச்சியை உயிரோடு வைத்திருக்கும் வேலை. இதில் எதிரும் புதிருமான இரண்டு தேவைகள் இருக்கின்றன. மேலே காற்று ஈரமாக இருக்க வேண்டும், கீழே மண்ணில் காற்று இருக்க வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் செய்வது பெரும்பாலும் நேர்மாறாக இருக்கும்.

மேலே என்ன நடக்கிறது என்று பாருங்கள். விரிந்த இலை தன் துளைகள் வழியாக நீரை ஆவியாக்கிக்கொண்டே இருக்கும். ஈடுகட்ட வேர் இல்லை. வெட்டு வாய் கொஞ்சம் உறிஞ்சும், அது போதாது. ஆகவே செலவைக் குறைப்பதுதான் வழி. தொட்டிமேல் பாலித்தீன் பை கவிழ்த்தாலோ, மூடியுள்ள பெட்டிக்குள் வைத்தாலோ உள்ளே காற்று ஈரத்தால் நிறைந்துவிடும், இலையிலிருந்து ஆவியாவது வெகுவாகக் குறையும். வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் கூடாது. மூடிய பைக்குள் வெயில் பட்டால் குச்சி வெந்தே போகும். இலைகளை என்ன செய்வது? எல்லாவற்றையும் கிள்ளிவிடச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஈரக்காற்றில் இருக்கும் ஒரு சின்ன இலை கொஞ்சம் உணவும் தயாரிக்கிறது, ஆக்சினையும் கீழே அனுப்புகிறது. ஒன்றிரண்டை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளினால் போதும்.

கீழே வேறு கதை. செல் பிரிவதற்குச் சக்தி வேண்டும், சக்திக்குச் சுவாசம் வேண்டும், சுவாசத்துக்கு ஆக்சிஜன் வேண்டும். காற்றில் பரவுவதைவிட நீரில் ஆக்சிஜன் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. மண்ணின் இடுக்குகள் எல்லாம் நீரால் அடைபட்டுவிட்டால், வெட்டு வாயைச் சுற்றியிருக்கும் செல்கள் மூச்சுத் திணறும். அந்த இடம் காற்றில்லாமல் வாழும் கிருமிகளுக்கு வசதியாகிவிடும். பட்டை கறுத்து, அழுத்தினால் கொழகொழவென்று வழுக்கிக்கொண்டு வரும், ஒரு புளித்த வாடை அடிக்கும். குச்சிகள் சாவதற்கு வறட்சியைவிட இதுதான் அதிகக் காரணம் என்பது என் அபிப்பிராயம். தோட்டத்து மண்ணோ உரம் கலந்த மண்ணோ இந்தக் கட்டத்தில் வேண்டவே வேண்டாம். வேர் இல்லாத குச்சிக்கு உரத்தால் எந்தப் பயனும் இல்லை. பெர்லைட் என்ற எடை குறைந்த வெள்ளைத் துகள், தென்னை நார்த்தூள், கழுவிய பருமணல் போன்றவை போதும். ஈரம் எவ்வளவு என்றால், கலவையை ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஒன்றிரண்டு துளி மட்டும் சொட்ட வேண்டும். பை மூடியிருப்பதால் இந்த ஈரம் வாரக்கணக்கில் தாங்கும். தினமும் தண்ணீர் விடும் பழக்கத்தை மட்டும் அடக்கிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது சூடு. வேர் கிளம்ப அடியில் 21 முதல் 27 டிகிரி செல்சியஸ் இருந்தால் நல்லது. மொட்டு காற்றின் வெப்பத்துக்கு அசைகிறது, வேர் மண்ணின் வெப்பத்துக்கு. மேலே சூடாகவும் கீழே குளிர்ச்சியாகவும் இருந்தால் இலைதான் முந்தும், ஸ்டார்ச் எல்லாம் அதற்கே போய்விடும். அடியை வெதுவெதுப்பாகவும் நுனியைச் சற்றுக் குளிர்ச்சியாகவும் வைத்தால் இந்த வரிசையை ஓரளவு மாற்றலாம். நாற்றங்கால்களில் தட்டுக்கு அடியில் சூட்டு விரிப்பு போடுவதன் ரகசியம் இதுதான். வீட்டில் குளிர்ந்த தரையில் தொட்டியை வைக்காமல் உயரத்தில் வைத்தாலே வித்தியாசம் தெரியும்.

நான் எல்லோருக்கும் சொல்வது, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டம்ளரில் நடுங்கள் என்பதுதான். அடியில் ஓட்டை போட்டு, வெளியே ஒரு கறுப்புத் தாளைச் சுற்றிவிடுங்கள். வேருக்கு இருட்டுதான் பிடிக்கும், டம்ளருக்குள் பாசியும் வளராது. பார்க்க வேண்டும் என்றால் தாளை மட்டும் கழற்றினால் போதும், குச்சியை ஆட்ட வேண்டியதில்லை. முதலில் வெட்டு வாயின் விளிம்பிலும் பட்டையில் இருக்கும் சிறு புள்ளிகளிலும் வெள்ளையாகக் கரடுமுரடான திசு பூக்கும். அது கேலஸ், காயத்தை மூடும் திசு. அது வேர் அல்ல. கேலஸ் நிறைய வந்தும் வேர் வராமல் போவதுண்டு. வேர் என்றால் குண்டூசித் தலை அளவில் ஒரு மேடு தெரியும், ஓரிரு நாளில் அது கூராக நீளும். தூய வெள்ளை, தொட்டால் ஒடிந்துவிடும். பொதுவாக மூன்று முதல் ஆறு வாரத்தில் இது நடக்கும். முதல் வேரைப் பார்த்ததும் தொட்டி மாற்றக் கை பரபரக்கும், பொறுங்கள். வெள்ளை வேர் கிளைவிட்டு, கொஞ்சம் பழுப்பேறி, டம்ளரின் ஓரமெல்லாம் சுற்றிய பிறகு மாற்றினால் ஒன்றும் ஒடியாது.

வேர்ப்பொடி அவசியமா என்று கேட்பார்கள். அதில் இருப்பது பெரும்பாலும் இண்டோல் பியூட்டிரிக் அமிலம், சுருக்கமாக ஐபிஏ. ஆக்சினைப் போலவே வேலை செய்யும் இந்தப் பொருள் வேரைத் தூண்டுவதில் சிறந்தது என்று 1935இல் சிம்மர்மனும் வில்காக்சனும் காட்டினார்கள். அன்றிலிருந்து நாற்றங்கால்களில் இது புழக்கத்தில் இருக்கிறது. அத்தி தானாகவே எளிதில் வேர்விடும் மரம் என்பதால், நல்ல குச்சிக்கு இது இல்லாமலும் நடக்கும். போட்டால் லேசாகப் போடுங்கள், அளவு மீறினால் வேர் வருவதைத் தடுக்கும். தண்ணீர்ப் பாட்டிலில் வைத்தும் வேர் வரவைக்கலாம், ஆனால் அந்த வேர்களில் நீரை உறிஞ்சும் வேர்த்தூவிகள் குறைவு. மண்ணுக்கு மாற்றும்போது மறுபடி ஒரு தடுமாற்றம் வரும்.

வேர் வந்த பிறகும் ஒரு கண்டம் இருக்கிறது. பைக்குள் விரிந்த இலையின் மெழுகுப் படலம் மெல்லியது, அதன் துளைகளுக்குச் சரியாக மூடிப் பழக்கமில்லை. பையை ஒரேயடியாக எடுத்தால் மதியத்துக்குள் இலை தொங்கிவிடும். முதலில் பையில் சில ஓட்டைகள், அப்புறம் தினம் கொஞ்ச நேரம் திறந்து வைப்பது, அப்புறம் முழுதாக எடுப்பது என்று ஒன்றிரண்டு வாரத்தில் பழக்க வேண்டும்.

இத்தனை கவலையும் வேண்டாம் என்றால் விண்பதியம் இருக்கிறது. மரத்திலேயே ஒரு கொப்பில் வளையமாகப் பட்டையை உரித்து, ஈர நார்த்தூளை வைத்துக் கட்டிவிட வேண்டும். பட்டையோடு போவது உணவுக் குழாய் மட்டும். கட்டைக்குள் இருக்கும் நீர்க் குழாய் அப்படியே இருக்கும். அதனால் இலைகளுக்குத் தண்ணீர் தடையில்லாமல் வரும், கீழே இறங்கும் சர்க்கரையும் ஆக்சினும் வளையத்துக்கு மேலே தேங்கி வேரைக் கிளப்பும். கையிருப்பு தீருமே என்ற பயமே இல்லை. பக்கத்தில் அத்தி மரம் இருக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

விதையில் வளர்க்கலாமே என்றால், அதில் சிக்கல் அத்தியின் பூவில் இருக்கிறது. நாம் பழம் என்று கடிப்பது உள்நோக்கி மூடிய ஒரு பூங்கொத்து. மகரந்தத்தை உள்ளே கொண்டுபோவது பிளாஸ்டோஃபாகா என்ற சிறு குளவி. வீட்டில் வளர்க்கும் ரகங்கள் பெரும்பாலும் மகரந்தச் சேர்க்கை இல்லாமலே காயைப் பழுக்க வைப்பவை, அவற்றில் முளைக்கும் விதை இருக்காது. குளவி புகுந்து விதை உண்டானாலும், அந்த நாற்றுகளில் சுமார் பாதி, பழத்துக்கு உதவாத ஆண்வகை மரங்களாகிவிடும். ஆகவே நல்ல ரகத்தைத் தொடர விதை உதவாது, குச்சி, விண்பதியம் போன்ற வழிகள்தான். ஜோர்டான் பள்ளத்தாக்கில் கில்கல் என்ற இடத்தில் கரிந்துபோன ஒன்பது அத்திப் பழங்கள் கிடைத்தன. சுமார் 11,400 ஆண்டுப் பழமை. அவை இப்படிச் சேர்க்கையில்லாமல் பழுத்தவை, மனிதர்கள் குச்சி நட்டு வளர்த்திருக்க வேண்டும் என்று கிஸ்லெவ், ஹார்ட்மன், பார்-யோசெஃப் ஆகியோர் 2006இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். காட்டு மரத்திலும் அப்படிப் பழம் வரலாம் என்று மறுத்தவர்களும் உண்டு. கிஸ்லெவ் குழுவினர் சொன்னது சரியானால், தானிய விவசாயத்துக்கும் முந்தியது குச்சி நடவு.

குச்சி தாய்மரத்தின் நோயையும் சேர்த்தே கொண்டுவரும். இலையில் மஞ்சள் திட்டுகளும் கோணல் வடிவங்களும் இருந்தால் அது அத்தி மொசைக் வைரஸாக இருக்கலாம். குச்சி மூலமும், கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலந்திப்பேன் மூலமும் பரவும். வந்தபின் மருந்தில்லை. குச்சி வாங்கும் முன் முடிந்தால் தாய்மரத்தின் இலையைப் பாருங்கள்.

தாய்மரத்தின் வயதும் குச்சியோடு வருகிறது. நாற்றுக்கு இருக்கும் குழந்தைப் பருவம் இதற்கில்லை, அது ஏற்கெனவே காய்க்கும் வயதுக்கு வந்த மரம். அதனால் முழங்கால் உயரச் செடியிலேயே இலைக் கக்கத்தில் பச்சைப் பிஞ்சு எட்டிப் பார்க்கும். முதல் வருடம் வருவதைக் கிள்ளிவிட்டால் அந்தச் சர்க்கரை வேருக்குப் போகும். அடுத்த வருடத்துக் காயை மரத்தில் விடலாம்.