ஸ்கேன்: வருடலும் அலகிடலும்

கோபிப் பக்கம் எங்கள் அப்புச்சி இடுப்பெலும்பு முறிந்து இரண்டு மாதம் கட்டிலோடு கிடந்தார். வலது தொடை பார்க்கப் பார்க்கச் சூம்பிப்போனது. "சதையெல்லாம் எங்க போச்சுங்க டாக்டரு?" என்று அம்மாயி கேட்டார். ஸ்கேன் எடுத்ததில் முன்தொடைச் சதையின் தடிமன் 14 மில்லிமீட்டர். ஒரு மாதப் பயிற்சிக்குப் பிறகு வேறோர் இடத்தில் எடுத்தால் 11. அவரோ அதற்குள் வாக்கரைப் பிடித்துத் திண்ணை வரை வரத் தொடங்கியிருந்தார். "ஸ்கேன் பொய் சொல்லுமா?" என்று வீடே குழம்பியது. அன்றைக்குத்தான் இந்தச் சொல்லைத் தேடிப்போனேன்.

ஸ்கேன் என்பதன் வேர் லத்தீனின் 'ஸ்கான்டெரே'. ஏறுதல் என்று பொருள். பிற்கால லத்தீனில் அது செய்யுளைச் சீர் சீராகப் பிரித்துப் பார்ப்பதைக் குறித்தது. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் அதே பொருள்தான். உற்று நோக்குதல் என்பது பிறகு வந்தது, மேலோட்டமாகக் கண்ணை ஓட்டுதல் அதற்கும் பிறகு. மருத்துவப் படத்துக்கு வந்ததெல்லாம் போன நூற்றாண்டில்தான். நோயாளி ஒருவருக்கு முதல் சி.டி. ஸ்கேன் எடுத்தது 1971இல், லண்டனில்.

செய்யுளைப் பிரித்துப் பார்ப்பதற்கு நம்மிடம் சொல் இருக்கிறது: அலகிடுதல். பத்தாம் வகுப்பில் "அலகிட்டு வாய்பாடு எழுதுக" என்று மல்லுக்கட்டாதவர் யார்? 'உலகு' என்று குறள் முடிந்தால் வாய்பாடு 'பிறப்பு'. பொள்ளாச்சியில் அலகிட்டாலும் பெருந்துறையில் அலகிட்டாலும் அதுதான். அலகு என்றால் எண், கணக்கு. அறிவியல் பாடத்தில் அளவின் அலகும் அதே சொல்தான்.

ஸ்கேனருக்கு இப்போது வழங்கும் தமிழ்ச்சொல் வருடி. அல்ட்ராசவுண்டுக்கு, அதாவது மீயொலிக்கு, இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. சதை மெத்தென்றது. கருவியைக் கொஞ்சம் அழுத்தினாலே நசுங்கி, தடிமன் குறைந்து காட்டும். அதனால் ஜெல்லைத் தாராளமாகப் பூசி, தோலை வருடுகிற மாதிரிதான் வைக்க வேண்டும். சாய்த்துப் பிடித்தால் தடிமன் கூடிக் காட்டும். இடம் மாறினாலும் எண் மாறும், தொடை எல்லா இடத்திலும் ஒரே பருமன் இல்லையே. நடந்து வந்த கையோடு அளக்கவும் கூடாது. கொஞ்ச நேரம் மல்லாந்து படுத்து, காலைத் தளர விட்ட பிறகுதான்.

சி.டி.யிலும் எம்.ஆர்.ஐ.யிலும் அழுத்தும் சிக்கல் இல்லை. கிடைப்பது குறுக்குவெட்டுப் படம். அதில் சதையின் எல்லையை வரைந்து பரப்பைச் சதுர சென்டிமீட்டரில் எடுப்பார்கள். உடல் முழுவதற்கும் மதிப்பிட, சி.டி.யில் மூன்றாம் இடுப்பு முள்ளெலும்பின் மட்டத்தைப் பார்ப்பது வழக்கம். அங்கே ஹவுன்ஸ்ஃபீல்டு அலகில், அதாவது சி.டி. படத்தில் அடர்த்தியைக் குறிக்கும் அளவில், −29 முதல் +150 வரை உள்ளதைச் சதை என்று கொள்வார்கள், கொழுப்பு அதற்குக் கீழே போய்விடும். ஆனால் எந்த மட்டம், எல்லைக்கோடு எது என்பதில் இருவர் வேறுபட்டால் இங்கேயும் எண் வேறுபடும்.

ஆகவே படம் எடுப்பதை வருடல் என்றும், படத்திலிருந்து அளவு பிரிப்பதை அலகிடல் என்றும் தனித்தனியாகச் சொல்லலாம் என்பது என் கருத்து. ஒரே 'ஸ்கேன்' இரண்டையும் மூடிவிடுவதால்தான் படம் வந்ததுமே அளவும் சரி என்று நினைத்துவிடுகிறோம்.

அப்புச்சிக்கு அப்புறம் நடந்தது இதுதான். பிசியோதெரபி செய்யும் தம்பி இடுப்பெலும்பு முனையிலிருந்து முழங்கால் சில்லு வரை டேப் பிடித்து, நடுவில் பேனாவால் ஒரு குறி போட்டார். "முந்தி எடுத்ததுல அழுத்திப் புடிச்சிருப்பாங்க, இல்லீன்னா இடம் மாறியிருக்கும். அந்த ரெண்டையும் விட்டுருங்க" என்றார். குறியின் மேலேயே, மூன்று முறை. 15, 16, 15. அங்கிருந்துதான் கணக்கை ஆரம்பித்தோம்.