ஹியரோஸ் காமோஸ் – திருக்கூடல்

'ஹியரோஸ் காமோஸ்' என்ற கிரேக்கத் தொடருக்குத் தமிழில் ஒரு சொல் தேடுகிறேன். 'காமோஸ்' என்று காதில் விழுந்ததும் நமக்குக் காமம்தான் நினைவுக்கு வரும். பொருளும் பக்கத்தில் இருப்பதால் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடத் தோன்றும். ஒலி செய்யும் குறும்பு அது. காமம் 'விரும்பு' என்னும் பொருளுள்ள வடமொழி வேரிலிருந்து வந்தது. கிரேக்கத்தின் காமோஸுக்கோ மணம் என்று பொருள். 'ஹியரோஸ்' என்றால் புனிதமானது, அதாவது நம் 'திரு'. இரண்டையும் சேர்த்து அப்படியே தமிழாக்கினால் 'திருமணம்' கிடைக்கிறது. அந்தச் சொல்லை நாம் எப்போதோ அழைப்பிதழுக்குக் கொடுத்துவிட்டோம்.

கிரேக்கர்களுக்கு இது தெய்வங்களின் மணம். முதலில் தேவர்களின் அரசன் சீயஸுக்கும் அவன் மனைவி ஹீராவுக்கும் உரியது. ஹோமரின் இலியட் காவியத்தின் 14ஆம் பாடலில் ஈடா மலைமேல் இருவரும் கூடும்போது அவர்களுக்கு அடியில் தரையே இளம்புல்லும் பூவுமாகத் துளிர்க்கிறது. பொன்மேகம் ஒன்று வந்து மூடிக்கொள்கிறது. கூடலும் விளைச்சலும் ஒன்றே என்ற எண்ணம் அதற்கும் முந்தியது. சுமேரியாவில் இசின் நகர அரசன் இத்தின்-தகானைப் பற்றிய துதிப்பாடலில், அரசன் இனன்னா தேவியின் கணவனான துமுசியாகி அவள் படுக்கையை அடைகிறான். இது உண்மையில் நடந்ததா, பாட்டோடு நின்றதா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள்.

பழைய சொல்லுக்கு இன்று உயிர் இருப்பது கிறித்தவத்துக்கு முந்தைய வழிபாடுகளை மீட்க முயலும் பேகன் சமயங்களில், அதிலும் தன்னைச் சூனியக் கலையின் வழிவந்ததாகச் சொல்லும் விக்காவில். அதை உலகறியச் செய்த கெரால்டு கார்ட்னர் (1884–1964) இளம் வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். பிறகு மலாயாவில் சுங்க அதிகாரி. பிரிட்டனில் சூனியத்துக்கு எதிரான பழைய சட்டம் 1951இல் நீங்கியது. 1954இல் அவருடைய நூல் வந்தது. ஹியரோஸ் காமோஸுக்கு விக்காவினர் வைத்திருக்கும் பெயர் 'கிரேட் ரைட்'.

பெயரைக் கேட்டு என்னென்னவோ கற்பனை செய்பவர்கள் நேரில் பார்த்தால் ஏமாந்துபோவார்கள். ஒருவர் மண்டியிட்டு மதுக் கிண்ணத்தை இரு கையாலும் ஏந்துகிறார். எதிரே நிற்பவர் 'அதமே' என்னும் கறுப்புப் பிடிக் கத்தியை நுனி கீழாகப் பிடித்து, மெல்ல இறக்கி, முனையை மதுவில் நனைக்கிறார். கத்தி ஆண், கிண்ணம் பெண். பிறகு கிண்ணம் கைமாறிச் சுற்றி வருகிறது. பெரும்பாலும் சடங்கு இவ்வளவுதான். உடலால் நிகழ்த்தும் வடிவமும் உண்டு. அது விக்காவின் உச்சமான மூன்றாம் நிலைத் தீட்சையோடு சேர்ந்தது. பொதுவாக ஏற்கெனவே இணையராக வாழ்பவர்கள் மற்றவர்கள் வெளியேறிய பின் தனிமையில் செய்வது.

இதில் வழிபாடு எங்கே இருக்கிறது? கூடலுக்கு முன் தேவியைப் பூசாரிணியின் உடலில் வரவழைக்கிறார்கள். நம் ஊர்ச் சொல்லில், அருள் இறங்குகிறது. அதன்பின் அங்கே இருப்பது தேவியும் தேவனும். ஆள் பெயர்களுக்கு இடமில்லை. கார்ட்னரின் குழுவில் பூசாரிணியாக இருந்த டோரீன் வாலியன்ட் சீர்செய்த வழிபாட்டு உரையில், அன்பும் இன்பமும் தரும் செயல்கள் எல்லாம் தனக்குரிய சடங்குகளே என்று தேவி அறிவிக்கிறாள். உடலைப் பாவமாகக் காணாத சமயம் இப்படிச் சொல்வதில் வியப்பில்லை. உலகத்தை ஆண், பெண் என்று இரண்டாக மட்டும் பிரித்ததுதான் பிற்பாடு உறுத்தியது. 1979இல் அந்த இருமையை வைத்து எழுதிய அமெரிக்கப் பேகன் எழுத்தாளர் ஸ்டார்ஹாக், பத்தாண்டு கழித்து வந்த மறுபதிப்பில் தாமே அதிலிருந்து விலகிக்கொண்டார். தன்பாலினத்தார் கத்தியும் கிண்ணமும் ஏந்தும் குழுக்கள் இன்று உண்டு.

இனி தமிழ்ச் சொல். 'பெருஞ்சடங்கு' என்பது சொல்லுக்குச் சொல் சரி. ஆனால் தென்மாவட்டத்துக்காரர் காதில் சடங்கு என்றால் பெண் பூப்பெய்திய விழா. மொய்க் கவரோடு வந்து நிற்பார். 'திருக்கல்யாணம்' கோயிலுக்கு உரியது, தாலி கட்டி முடிவது. விக்காவினர் சடங்கில் யாரும் யாருக்கும் கணவன் மனைவி ஆவதில்லை. மணத்துக்கு அவர்களிடம் வேறு சடங்கு இருக்கிறது. கருத்தளவில் இன்னும் நெருக்கமானது, இரவில் சொக்கநாதரின் பாதம் பல்லக்கில் மீனாட்சியின் பள்ளியறைக்குப் போவது. அங்கும் கூடுவது தெய்வங்கள். மனிதர்கள் பல்லக்குத் தூக்குவதோடு சரி. 'புணர்ச்சி' நல்ல சொல்தான். நன்னூல் படித்தவருக்கு அது விகாரத்தையும் சந்தியையும் நினைவூட்டும், படிக்காதவருக்கு வேறொன்றை.

எனக்குப் பொருந்துவதாகப் படுவது 'கூடல்'. ஊடலுக்குப் பின் வருவது. கொச்சையும் இல்லை, மறைப்பும் இல்லை. முன்னால் ஒரு 'திரு' சேர்த்தால் ஹியரோஸும் வந்துவிடுகிறது. சீயஸ், ஹீரா கதைக்குத் 'தெய்வ மணம்', விக்காவினர் சடங்குக்குத் 'திருக்கூடல்' என்று பிரித்தே எழுதுகிறேன். திருக்கூடல் கூடலழகர் வீற்றிருக்கும் தலத்தின் பெயரும்கூட. மதுரைக்காரர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.