டிபென்டன்சி கிராஃப்: சேவைச் சார்புக் கோட்டுரு

ஒரு செயலியில் 'பணம் செலுத்து' பொத்தானை அழுத்தினால் பின்னணியில் ஓடுவது ஒரே நிரல் என்ற காலம் போய்விட்டது. இப்போது வேலை 'சேவை' எனப்படும் பல சிறு நிரல்களாகப் பிரிந்திருக்கிறது. ஆர்டர் சேவை பயனர் சேவையைக் கேட்கும். அது தரவுத்தளத்தைக் கேட்கும். கட்டணச் சேவை வெளியே இருக்கும் வங்கியின் ஏபிஐயை, அதாவது பிற நிரல்கள் அழைப்பதற்கான இடைமுகத்தை, கேட்கும். எது எதை நம்பி நிற்கிறது என்பதைப் புள்ளிகளும் அம்புகளுமாகக் காட்டும் படத்துக்கு டிபென்டன்சி கிராஃப் என்று பெயர். சர்வீஸ் மேப், டோபாலஜி என்றும் சொல்வார்கள். திரையில் ஒரு புள்ளியைச் சொடுக்கினால் அதனோடு தொடர்புடையவை மட்டும் மிஞ்சும். நிறம் அதன் நலத்தைச் சொல்லும்: பச்சை என்றால் நலம், சிவப்பு என்றால் பழுது.

டிபென்டன்சியின் வேர் லத்தீன். 'டிபெண்டெரே' என்றால் ஒன்றிலிருந்து கீழே தொங்குதல். சங்கிலியில் தொங்கும் பென்டன்ட்டும் இதே குடும்பம்தான். கிராஃப், எழுதுதல் என்னும் பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. புள்ளி-கோட்டுக் கணிதத்தைத் தொடங்கிவைத்தது கோனிக்ஸ்பெர்க் நகரின் ஏழு பாலங்களைப் பற்றிக் கணித மேதை ஆய்லர் 1736-இல் எழுதியது என்பார்கள். ஆனால் அவர் கிராஃப் என்ற பெயரை அறியார். 1878-இல் கணிதவியலாளர் சில்வெஸ்டர்தான், வேதியியலார் மூலக்கூறுகளை வரைந்த முறையைப் பார்த்து அந்தப் பெயரை வைத்தார்.

தமிழில் இதற்குச் 'சார்' என்ற வேர் ஆயத்தமாக இருக்கிறது. தனித்து ஒலிக்காமல் வேறெழுத்தை அண்டி வரும் குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம் மூன்றையும் தொல்காப்பியம் 'சார்ந்து வரல் மரபின' என்கிறது. சார்பெழுத்து என்ற பெயர் அங்கிருந்து வந்தது. தான் இயங்க இன்னொன்று வேண்டும் என்ற பொருளில் டிபென்டன்சிக்கு இதைவிடப் பொருத்தமான முன்னோடி கிடைக்காது. இலங்கைத் தமிழில் 'தங்கியிருத்தல்' என்பதும் இதே பொருளில் வழங்குகிறது.

அப்படியானால் 'சார்பு வரைபடம்' என்று முடித்துவிடலாமே? முடியாது. பள்ளிக் கணிதத்தில் ஃபங்ஷனுக்குச் சார்பு என்று பெயர். 'சார்பின் வரைபடம்' என்றதும் படித்தவர் மனத்தில் எழுவது எக்ஸ் அச்சும் ஒய் அச்சும் அவற்றினிடையே ஒரு வளைகோடும். ஆங்கிலத்தில் கிராஃப் என்ற ஒரே சொல் இரண்டையும் சுமப்பதன் விளைவு இது. நாம் அந்தச் சுமையையும் சேர்த்து வாங்க வேண்டியதில்லை. புள்ளி-கோட்டு அமைப்புக்குக் 'கோட்டுரு' என்ற தனிச்சொல் இருக்கிறது. கோட்டால் ஆன உரு. (கோடு என்பதன் ஈற்று உகரமும் ஒரு சார்பெழுத்துதான், உரு வந்து சேர்ந்ததும் மறைந்துவிடுகிறது.) முன்னால் 'சேவை' சேர்த்துச் 'சேவைச் சார்புக் கோட்டுரு' என்றால் ஃபங்ஷன் குழப்பம் தீர்ந்தது. நீளம்தான். பேச்சில் 'சார்புக் கோட்டுரு' போதும்.

புள்ளியைக் குறிக்கும் நோடுக்குக் கணு நன்றாகவே பொருந்துகிறது. கோட்டைக் குறிக்கும் எட்ஜுக்கு வழங்கும் 'விளிம்பு' எனக்கு உவப்பில்லை. கனசதுரத்துக்கு விளிம்பு உண்டு. இரண்டு கணுக்களுக்கு நடுவே ஓடும் கோட்டுக்கு ஏது விளிம்பு? இணைப்பு என்றாலே விளங்கும்.

அம்பின் திசையில்தான் பலர் தடுமாறுவார்கள். ஆர்டர் சேவை கட்டணச் சேவையை அழைத்தால் அம்பு ஆர்டரிலிருந்து கட்டணத்துக்குப் போகும். பழுது வருவதோ எதிர்த்திசையில். கட்டணச் சேவை தாமதித்தால் பதிலுக்குக் காத்திருக்கும் ஆர்டர் சேவையில் கோரிக்கைகள் தேங்கி, அதுவும் சிவக்கும். சைவ சித்தாந்தம் உயிரைப் பற்றிச் 'சார்ந்ததன் வண்ணமாதல்' என்று சொல்லும். அங்கே வண்ணம் என்பது தன்மை. இங்கே திரையில் நிறமாகவே தெரிகிறது. எனவே பல கணுக்கள் ஒருசேரச் சிவந்திருந்தால், அம்பு போகும் போக்கிலேயே போய், அந்த வழியின் கடைசியில் இருக்கும் சிவப்புக் கணுவை முதலில் சோதிப்பார்கள். அப்ஸ்ட்ரீம் (ஓட்டத்தின் மேல்புறம்), டவுன்ஸ்ட்ரீம் (கீழ்ப்புறம்) என்ற சொற்களை ஆளுக்கொரு திசையில் பயன்படுத்துவதால் அவசரத்தில் வாக்குவாதம்தான் மிஞ்சும். 'சார்வது', 'தாங்குவது' என்றால் அந்த ஐயமே எழாது.

இந்தப் படத்தை இப்போது கையால் வரைவதில்லை. ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் அடையாள எண் கொடுத்து, அது சேவை சேவையாகக் கடந்துபோன தடத்தைத் தொகுத்தால் கோட்டுரு தானே உருவாகும். கூகுள் தன் டேப்பர் அமைப்பைப் பற்றி 2010-இல் வெளியிட்ட கட்டுரை இந்த முறையைப் பரவலாக்கியது. ட்விட்டரில் உருவான ஸிப்கின், ஊபரில் உருவான யேகர் ஆகிய தடம் தொகுக்கும் கருவிகள் அதன் வழி வந்தவை. சேவைகளுக்கு இடையிலான போக்குவரத்தை நிர்வகிக்கும் இஸ்டியோவோடு இயங்கி, சேவைக் கோட்டுருவைத் திரையில் காட்டும் கியாலியின் பெயருக்குக் கிரேக்கத்தில் தொலைநோக்கி என்று பொருள்.

ஹெல்த் என்பதை 'ஆரோக்கியம்' என்று பெயர்ப்பது வழங்கிக்கு (சர்வர்) உடம்பு சரியில்லை என்பதுபோல் ஒலிக்கிறது. நலம் போதும்: நலச் சோதனை, நலக் குறியீடு. பிழை விகிதமும் மறுமொழி நேரமும் யாரோ வகுத்த வரம்புக்குள் இருந்தால் பச்சை. வரம்பைத் தளர்த்தினால் எல்லாமே பச்சைதான். கியாலியில் சாம்பல் நிறம் பழுதைக் குறிக்காது. அந்த நேரத்தில் போக்குவரத்து இல்லை என்று பொருள். இணைப்புகளுக்கும் இது பொருந்தும். மாதம் ஒருமுறை மட்டும் நடக்கும் அழைப்பு, கடந்த ஒரு மணி நேரத் தடங்களிலிருந்து வரைந்த கோட்டுருவில் தெரியாது. சார்பு இல்லை என்று முடிவுகட்டி ஒரு சேவையை நிறுத்துவதற்கு முன், நேர எல்லையை ஒரு மாதத்துக்கு மேல் நீட்டிப் பார்க்க வேண்டும்.