மூன்றாவது ஊசி ஏன் ஆறாம் மாதத்தில்?

தமிழக-கேரள எல்லையில் உள்ள களியக்காவிளையிலிருந்து காலையில் கிளம்பும் பஸ்களில் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் திருவனந்தபுரத்துக்கும் வேலைக்குப் போகும் நர்ஸ்களைப் பார்க்கலாம். குமரி மேற்கில் நர்சிங் படித்த ஒரு அக்காவோ மயினியோ (அண்ணி) இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஊருக்கெல்லாம் ஊசி போடும் அந்த மயினியிடம், "நீங்க ஹெபடைட்டிஸ் பி ஊசி போட்டாச்சா?" என்று கேட்டால் இப்படித்தான் பதில் வரும்: "படிக்கும்போது ரெண்டு போட்டேன், மூணாவது விட்டுப்போச்சு." "இத்தன வருஷம் ஒண்ணும் வரலியே." "மஞ்சக்காமாலைதான? கீழாநெல்லி இருக்குல்லா."

கடைசிப் பதிலை முதலில் எடுத்துக்கொள்வோம். எல்லைக்கு இந்தப் பக்கம் மஞ்சள் காமாலை, அந்தப் பக்கம் மஞ்ஞப்பித்தம். இரண்டு பெயரும் கண் மஞ்சளானதைச் சொல்கின்றன, எதனால் ஆனது என்பதைச் சொல்வதில்லை. கிணற்று நீர் கெட்டு ஊரோடு பரவும் காமாலை பெரும்பாலும் ஹெபடைட்டிஸ் ஏ அல்லது இ. சில வாரங்களில் உடம்பே அதைத் துரத்திவிடும். அந்த நேரத்தில் என்ன குடித்திருந்தாலும் பேர் அதற்குப் போய்விடுகிறது. ஹெபடைட்டிஸ் பி ரத்தத்தின் வழியாகவும் உடலுறவு வழியாகவும் தாயிடமிருந்து குழந்தைக்கும் போகிற வேறு வைரஸ். கீழாநெல்லியை யாரும் சோதிக்காமல் ஒதுக்கவில்லை. சென்னையில் தியாகராஜன் குழுவினர், இந்த வைரஸைக் கண்டறிந்ததற்காக 1976இல் நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பர்க்கோடு சேர்ந்து, அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, நல்ல பலன் கிடைத்ததாக 1988இல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். பிறகு மற்றவர்கள் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை.

இனி ஊசிமுனையைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். வைரஸ் தீவிரமாகப் பெருகிக்கொண்டிருக்கும் ஒருவரின் ரத்தத்தில், ஒரு மில்லிலிட்டருக்குப் பத்துக் கோடி வைரஸுக்கு மேலும் இருக்கலாம். ரத்தம் எடுத்த ஊசி விரலில் குத்தும்போது உள்ளே போவது ஏறக்குறைய ஒரு மைக்ரோலிட்டர், மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்தக் கண்ணுக்குத் தெரியாத துளியிலேயே ஒரு லட்சம் வைரஸ். தடுப்பூசி போடாத ஒருவருக்கு இப்படிக் குத்தினால் தொற்று வரும் வாய்ப்பு, நோயாளியின் நிலையைப் பொறுத்து 6 முதல் 30 சதவீதம் வரை. எச்.ஐ.வி. நோயாளியின் ஊசி குத்தினால் அது 0.3 சதவீதம். வார்டில் எச்.ஐ.வி. என்றால் இரண்டு கையுறை போடுகிறவர்கள், நூறு மடங்கு வரை அதிக ஆபத்துள்ள இதற்கு ஒன்றும் போடாமல் நிற்கிறார்கள். இன்னொன்று: இந்த வைரஸ் உடம்புக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில், குறைந்தது 7 நாள் உயிர்ப்போடு இருக்கும். டிராலியின் ஓரத்திலும் குளுக்கோமீட்டரின் மேலும் காய்ந்துபோன பொட்டு, கையில் சிறு வெட்டு இருக்கிறவருக்குப் போதும்.

"ஒண்ணும் வரலியே" என்பதை ரத்தப் பரிசோதனை இல்லாமல் யாரும் சொல்ல முடியாது. தொற்று வந்த பெரியவர்களில் பாதிப் பேருக்காவது கண் மஞ்சளாவதோ காய்ச்சலோ இருக்காது. பெரியவர்களில் 100க்கு 95 பேருக்கு மேல் தாமாகவே வைரஸை ஒழித்துவிடுவார்கள். மீதிப் பேரின் ஈரலில் அது தங்கிவிடும். இருபது, முப்பது வருஷம் கழித்து ஈரல் சுருக்கமாகவோ புற்றுநோயாகவோ வெளியே வரும். பிறக்கும்போதே தாயிடமிருந்து வாங்கும் குழந்தைகளில் 90 சதவீதத்துக்கு அப்படித் தங்கிவிடுகிறது. கல்யாணமாகிப் பிள்ளை பெறும் வயதில் இருக்கும் நர்ஸுக்கு இது அவர் ஒருத்தரின் ஈரலோடு முடிகிற விஷயமில்லை.

தடுப்பூசிக்குள் வைரஸ் கிடையாது. வைரஸின் மேலுறைப் புரதம் ஒன்றை மட்டும் ஈஸ்டை வைத்து உற்பத்தி செய்கிறார்கள். அந்தப் புரதங்கள் தாமே கூடி 22 நானோமீட்டர் அளவுள்ள, உள்ளே ஒன்றுமில்லாத உருண்டைகளாகின்றன. முழு வைரஸ் 42 நானோமீட்டர். உருண்டைக்குள் மரபுப்பொருள் இல்லாததால் அது பெருகவே முடியாது. கர்ப்பமாக இருக்கும்போதும் பால் கொடுக்கும்போதும் போடலாம் என்பது அதனால்தான். ஈஸ்டுக்குக் கடும் ஒவ்வாமை உள்ளவர்களும், முந்தைய டோஸுக்குக் கடும் ஒவ்வாமை வந்தவர்களும் மட்டும் போடக் கூடாது. 1997இல் ஐதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் இதை உள்நாட்டிலேயே தயாரிக்கத் தொடங்கிய பிறகு விலை மளமளவென்று இறங்கியது. இன்றைக்கு விலை பெரிய தடையில்லை.

பெரியவர்களுக்கு ஒரு டோஸ் 20 மைக்ரோகிராம், ஒரு மில்லிலிட்டர். முதல் ஊசி போட்ட நாளிலும், அதிலிருந்து 1ஆம், 6ஆம் மாதங்களிலும் என மூன்று டோஸ். முதல் ஊசியில், எதிர்ப்பொருளை (ஆன்டிபாடி) உண்டாக்கும் பி அணுக்கள் அந்தப் புரதத்தை அடையாளம் காண்கின்றன. நாற்பது வயதுக்கு உட்பட்டவர்களில் முதல் டோஸுக்குப் பிறகு பாதுகாப்பு வருவது 30 முதல் 55 சதவீதம் பேருக்கு. இரண்டாவதுக்குப் பிறகு 75. மூன்றாவதுக்குப் பிறகு 90க்கு மேல். நடுவில் உள்ள மாதங்கள் சும்மா போவதில்லை. நிணநீர்க் கணுக்களில், புரதத்தை இறுக்கமாகப் பிடிக்கும் அணுக்கள் மட்டும் தேறித் தேறி மிஞ்சுகின்றன. அப்படித் தேறியவற்றை மூன்றாவது ஊசி எழுப்பும்போது எதிர்ப்பொருள் பல மடங்கு எகிறுகிறது. அவசரப்பட்டு முன்னால் போட்டால் அந்தத் தேர்வு முடிந்திருக்காது. அதனால்தான் இரண்டாவதிலிருந்து 8 வாரமும் முதலாவதிலிருந்து 16 வாரமும் குறைந்தபட்ச இடைவெளி.

பிந்தினால்? எத்தனை வருஷம் பிந்தினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டாம். நாகர்கோவிலில் படிக்கும்போது இரண்டு போட்டு, வேலை திருவனந்தபுரத்துக்கு மாறியதில் மூன்றாவது விடுபட்டிருந்தால், அந்த மூன்றாவதை மட்டும் போட்டால் போதும். கம்பெனி வேறாக இருந்தாலும் பரவாயில்லை. எல்லை தாண்டி வேலை செய்பவர்களுக்கு இது தெரியாததால்தான் "மறுபடி மூணா?" என்று அலுத்து விட்டுவிடுகிறார்கள். ஆனால் பழைய இரண்டும் தோளில் போட்டவையா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பிட்டத்தில் போட்டால் மருந்து தசையை எட்டாமல் கொழுப்பில் தங்கி வீணாகும். அந்த டோஸைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

மருந்து உறைந்து போவது இன்னொரு கோளாறு. இது 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வெயிலை விட ஐஸ்தான் இதற்குக் கெடுதல். ஃபிரீசரையோ ஐஸ் பேக்கையோ ஒட்டி வைத்து உறைந்தால், மருந்தில் உள்ள அலுமினிய உப்பு திரண்டு கட்டியாகிவிடும். நல்ல மருந்துக் குப்பியைக் குலுக்கினால் லேசான வெண்கலங்கலாக ஒரே சீராக இருக்கும். உறைந்து உருகியதில் துகள்கள் மிதக்கும், அரை மணி நேரத்தில் அடியில் படிந்து மேலே தெளிநீர் நிற்கும். அதைப் போடக் கூடாது.

மூன்றும் முடிந்து ஒன்று முதல் இரண்டு மாதத்துக்குள் டைட்டர், அதாவது ரத்தத்தில் எதிர்ப்பொருளின் அளவு, பார்க்க வேண்டும். மருத்துவமனையில் வேலை செய்பவர்களுக்கு இது கட்டாயம் என்றே சொல்ல வேண்டும். ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லி சர்வதேச அலகு வந்துவிட்டால் வேலை முடிந்தது. நல்ல எதிர்ப்புச் சக்தி உள்ளவர்களுக்குப் பிறகு பூஸ்டர் தேவையில்லை. வருஷங்கள் கழித்து டைட்டர் இறங்கினாலும் நினைவணுக்கள் இருக்கும். வைரஸோ பெருக இரண்டு மூன்று மாதம் எடுக்கும் மெதுவான ஆள். அதற்குள் அவை விழித்துக்கொள்ளும். அப்போதே டைட்டர் பார்க்காமல் பத்து வருஷம் கழித்துப் பார்த்து 10க்குக் கீழே இருந்தால், ஒரு டோஸ் போட்டு, ஒன்றிரண்டு மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும். ஏறினால் போதும், ஏறாவிட்டால் இன்னும் இரண்டு டோஸ். நாற்பது வயது தாண்டியவர்கள், புகைப்பவர்கள், உடல் பருமனும் சர்க்கரையும் உள்ளவர்களுக்கு ஏறாமல் போவது கூடுதல்.

வாய்விட்டுச் சொல்லாத பயம் ஒன்றும் உண்டு: வளைகுடா வேலை. அங்கே போவதற்கான மெடிக்கலில் எச்பிஎஸ்ஏஜி (HBsAg) என்ற ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை பார்ப்பார்கள், பாசிட்டிவ் என்றால் அன்ஃபிட். "ஊசி போட்டா பாசிட்டிவ் காட்டிரும்" என்ற பேச்சு நர்ஸிங் ஹாஸ்டல்களில் நடமாடுகிறது. அதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. எச்பிஎஸ்ஏஜி என்று பரிசோதனை தேடுவதும் ஊசியில் இருப்பதும் ஒரே மேலுறைப் புரதம். ஊசி போட்ட பிறகு 18 நாள் வரை அது ரத்தத்தில் தென்படலாம். பிறகு மறைந்துவிடும், மிஞ்சுவது எதிர்ப்பொருள் மட்டுமே. எதிர்ப்பொருள் பாசிட்டிவ் என்பது பாதுகாப்பு இருப்பதன் அடையாளம், அது வேறு பரிசோதனை. ஆகவே ஊசிக்கும் மெடிக்கலுக்கும் நடுவில் ஒரு மாத இடைவெளி விட்டால் இந்தக் குழப்பமே வராது.

ஊசி குத்திவிட்டால் செய்ய வேண்டியது: ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். விரலைப் பிதுக்கக் கூடாது, பிளீச்சிங் ஊற்றக் கூடாது. இரண்டும் தசையைப் புண்ணாக்கும். கண்ணில் தெறித்தால் வெறும் தண்ணீரால் நிறையக் கழுவ வேண்டும். உடனே மேலதிகாரியிடம் சொல்லி எழுத்தில் பதிய வேண்டும். நோயாளியின் ரத்தத்தில் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி மூன்றும் பார்க்க வேண்டும். நோயாளிக்கு ஹெபடைட்டிஸ் பி இருந்து, குத்துப்பட்டவர் தடுப்பூசி போடாதவர் என்றால், இம்யூனோகுளோபுலின் என்னும் தயார்நிலை எதிர்ப்பொருளை எடைக்குக் கிலோவுக்கு 0.06 மில்லிலிட்டர் வீதம் போட வேண்டும். அறுபது கிலோ உள்ளவருக்கு 3.6 மில்லிலிட்டர். 24 மணி நேரத்துக்குள் போடுவது நல்லது. ஏழு நாள் தாண்டினால் பலன் இருக்குமா என்பது தெரியாது. கூடவே உடம்பில் வேறு இடத்தில் தடுப்பூசியின் முதல் டோஸ். இம்யூனோகுளோபுலின் மனித ரத்தத்திலிருந்து எடுக்கப்படுவது, பல ஆயிரம் ரூபாய் ஆகும், ராத்திரி இரண்டு மணிக்கு எல்லா ஊரிலும் கிடைக்காது. டைட்டர் 10க்கு மேல் என்று ஏற்கெனவே தாள் இருப்பவர் ஹெபடைட்டிஸ் பி-க்காக இதில் எதுவும் போட வேண்டாம்.

தமிழகத்திலும் கேரளத்திலும் 2011 டிசம்பரில் ஹெபடைட்டிஸ் பி உட்பட ஐந்து நோய்க்கான பென்டாவேலன்ட் ஊசி குழந்தைகளுக்கு வந்தது. நாட்டிலேயே முதலில் தொடங்கிய மாநிலங்கள் இவை இரண்டும்தான். இன்றைக்கு வார்டில் நிற்கும் நர்ஸ்கள் அதற்கு முன்னால் பிறந்தவர்கள். குழந்தையில் போட்டிருப்பார்கள் என்று எண்ணி இருந்துவிட முடியாது. நர்ஸைப் போலவே குத்துப்படும் வாய்ப்புள்ளவர், குப்பைப் பையைத் தூக்கும் துப்புரவுத் தொழிலாளி. மூடியைத் திரும்ப மாட்டிய ஊசியோ, சாதாரணப் பையில் போட்ட ஊசியோ அவர் தொடையில்தான் குத்தும். வெள்ளை நிறத் துளைபடாத டப்பாவில்தான் ஊசியைப் போட வேண்டும் என்பதோடு, கழிவைக் கையாளும் எல்லாருக்கும் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போடும் பொறுப்பு மருத்துவமனைக்கே என்றும் 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகள் சொல்கின்றன. ஒப்பந்த வேலை என்றாலும் கேட்டு வாங்கலாம். மயினியின் தடுப்பூசிக் கார்டைத் தேடும்போது, அதே ஆஸ்பத்திரியில் துடைக்க வரும் சித்தியின் கார்டையும் கேட்டுப் பாருங்கள். பல நேரம் அப்படி ஒரு கார்டே போடப்பட்டிருக்காது.